நட்டுக்கு வெளியே இரண்டு புரி

ஒரு போல்ட் கட்டையாய்ப் போனால் ஆளே போகலாம் என்பது, கிளிநொச்சிக் குடிநீர்க் குழாய் வேலையில் ஒரு பொருத்துநரைச் சந்தித்த அன்றுதான் எனக்கு உறைத்தது. அவருக்கு இடது கண் இல்லை. இறுக்கிய நட்டு ஒவ்வொன்றையும் பெருவிரலால் தடவுவார். நட்டுக்கு வெளியே போல்டின் திருகுப் புரி இரண்டாவது தட்டுப்பட வேண்டும்.

அன்று ஒன்றும் தட்டுப்படவில்லை. போல்டின் நீளத்தைக் கணக்கிட்டவன் நான். குழாய் முனைகளை இணைக்கும் பிளாஞ்ச் தட்டுகளின் தடிப்பையும் நட்டின் தடிப்பையும் கூட்டியவன், நடுவில் வைக்கும் ரப்பர் வளையத்தை மறந்திருந்தேன்.

"தம்பி, இது கட்டை. கழட்டுவம்."

"இண்டைக்குத் தண்ணி விடவேணும் அண்ணை. சமாளிக்கேலாதோ?"

"நானும் ஒருக்கா உப்பிடிச் சமாளிச்சனான். குழாய் மூட்டு வெடிச்சு எனக்குக் கண் மட்டுந்தான் போனது. பக்கத்தில நிண்டவன் செத்துப்போனான்."

குரலில் கோபமே இல்லை. அதுதான் இன்னும் விளங்கவில்லை.

அன்றே கழற்றிவிட்டோம்; தண்ணீர் விடுவதும் தள்ளிப்போனது. வளையத்தையும் சேர்த்து அளந்து புது போல்ட் எடுத்திருக்கிறேன். நாளை தண்ணீர் திறக்கும்போது மூட்டுக்குப் பக்கத்தில் நான் நிற்கப்போகிறேன்.