பாகத்தில் போன ஜிம்மி

வைக்கோலுக்குள் பழுக்கப் போட்ட மாங்காய்களிலிருந்து ஒரு வெதுவெதுப்பு வரும். கதவைத் திறந்ததும் அது முகத்தில் அடிக்கும், கூடவே தொண்டை வரைக்கும் இனிக்கிற ஒரு மணமும். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில் அந்த மண்சுவர் அறைக்குப் 'பழக்கொட்டாய்' என்று பெயர். வைகாசி முழுக்க நானும் என் நாய் ஜிம்மியும் அதன் வாசலில்தான் கிடப்போம். உள்ளே எலி மூக்கை நீட்டினால் போதும், என் மடியில் தூங்கிக்கொண்டிருந்த ஜிம்மி எப்போது எழுந்தது, எப்போது பாய்ந்தது என்றே தெரியாது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில், ஓசூர் பங்களாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குக் கிளம்பிய ஒரு துரை, தன் வீட்டுக்கு மாம்பழம் கொண்டுபோய்க் கொடுத்துவந்த என் அப்பாவைக் கூப்பிட்டு, இரண்டு குட்டிகளில் ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். ஒன்று டெரியர்: வெள்ளை உடம்பு, ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு, நின்ற இடத்தில் நிற்காத கால்கள். மற்றது எங்கள் ஊர் பிற்பாடு 'குட்டைக்கால் நாய்' என்று பேர் வைத்த சாதி: நீள உடம்பு, சாண் உயரக் கால், மோப்பம் பிடித்துவிட்டால் பூமியைத் தோண்டிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. அப்பாவுக்கு எதையும் சட்டென்று முடிவு செய்ய வராது. அவர் விழிப்பதைப் பார்த்த துரையின் சமையல்காரர், "இது எலிக்கு, அது பெருச்சாளிக்கு. தோட்டக்காரருக்கு எரடும் பேக்கு சாமி," என்று தன் கன்னடத் தமிழில் இரண்டுமே வேண்டும் என்று சொல்லிவிட, இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். டெரியருக்கு ஜிம்மி என்றும் மற்றதற்கு டைகர் என்றும் பெயர் வைத்தோம். டைகர் எல்லோருக்கும் பொது, ஜிம்மி எனக்கு.

அப்பா தள்ளிப்போட்ட முடிவு மூன்று வருஷம் கழித்து என் தலையில் விடிந்தது. அப்பாவும் அவர் தம்பியும் பாகம் பிரிந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் இது: அண்ணன் பாகம் வைப்பான், தம்பி முதலில் எடுப்பான். தம்பி எடுத்தது போக மிச்சம்தான் அண்ணனுக்கு. நிலம், வீடு, மாடு, பித்தளை அண்டா என்று எல்லாம் பட்டியலில் ஏறின. நாய்களும் ஆளுக்கு ஒன்று என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சின்னப்பா முதலில் எடுப்பார் என்றால் சின்னம்மா எடுப்பாள் என்று அர்த்தம். கல்லாவியிலிருந்து வாழ வந்தவள். என் அம்மாவிடம் காட்ட முடியாத கோபத்தையெல்லாம் என்னிடம் காட்டுவாள். அப்படிப்பட்டவள் பாகத்துக்கு முந்தின நாள் கிண்ணத்தில் வெல்லப் பூரணம் வைத்துச் சுட்ட 'சீயம்' கொண்டுவந்து என் கையில் கொடுத்து, தலையைத் தடவி, "ஏம் பாப்பா, ரெண்டுல எந்த நாயி வூட்டுக்கு ஆவும்? நீதான வளத்தவ, சொல்லு கண்ணு," என்றாள்.

பதினொரு வயதுக்கு நான் மகா கெட்டிக்காரி என்று என் நினைப்பு. "டைகர எடுத்துக்க சின்னம்மா. ஜிம்மி சோத்துக்குத்தான் ஆவும். கண்டத கடிக்கும். ஒடம்புலயும் சீக்கு," என்று அடுக்கினேன். சின்னம்மா கேட்டுக்கொண்டாள், சிரித்தாள்.

மறுநாள் எல்லோர் முன்னாலும் சின்னப்பா அவள் முகத்தைப் பார்க்க, அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அந்த வெள்ளையே இருக்கட்டும்," என்றாள். எது நல்ல நாய் என்று தெரிந்துகொள்ள அவள் வரவில்லை, எது எனக்கு உயிர் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தாள். அழுதேன். "வழக்கம்னா வழக்கந்தான், அழுவாத," என்றார் அப்பா. பழக்கொட்டாயும் அவர்கள் பாகத்துக்கே போனது. நடுவில் இடுப்பு உயரத்துக்கு ஒரு சுவர் எழும்பியது. சுவருக்கு அந்தப் பக்கம் சங்கிலியில் கிடந்து ஜிம்மி என்னைப் பார்த்து ஊளையிடும்போதெல்லாம், சின்னம்மா வெளியே வந்து, அதை அல்ல, என்னைப் பார்ப்பாள். இவளை அழவைக்காமல் விடுவதில்லை என்று அப்போது முடிவு செய்தேன்.

அடுத்த ஆனி மாதம் அவர்கள் குடும்பத்தோடு கல்லாவிக்கு ஒரு வளைகாப்புக்குப் போனார்கள். நான் டைகரைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் இறக்கி, பழக்கொட்டாயின் பின்சுவர் ஓரமாக இருந்த பெருச்சாளி வளையைக் காட்டினேன். அதற்குமேல் எனக்கு வேலை இல்லை. மத்தியானம் முழுக்க அது தோண்டியது. சுவரின் அடிமண் கூடை கூடையாக வெளியே வந்தது. ஜிம்மி கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடிவந்து என்னை நக்கியது, மண்ணில் புரண்டது. ஆனந்தத்தில் நானும் புரண்டேன். வண்டிச் சத்தம் கேட்டதும் டைகரைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், ஜிம்மியைக் கட்ட மறந்துவிட்டேன்.

நான்காம் நாள் மழையில் கொட்டாயின் பின்சுவர் உட்கார்ந்தது. கூரையும் சரிந்து, பெங்களூர் லாரிக்கு வைத்திருந்த பழமெல்லாம் சேறாகக் கிடந்தது. சின்னம்மா வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள். என் வயிறு குளிர்ந்தது. இன்றைக்கு நினைத்தாலும் குளிர்கிறது, பொய் சொல்வானேன்.

ஆனால் அவள் அழுகையை நிறுத்திவிட்டுச் சொன்னது வேறு. "அன்னிக்கே மூஞ்சியெல்லாம் மண்ணோட அவுந்து கெடந்துச்சே, இந்தச் சனியன்தான் நோண்டியிருக்கு." வெறும் வண்டியாகத் திரும்பிய லாரியில், ஜிம்மியைக் கயிற்றோடு டிரைவரிடம் கொடுத்துவிட்டார்கள். நான் நடுச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜிம்மி இருந்திருக்கும். அடிக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. அதையும் அவள் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

இப்போது அந்த இடத்தில் தோட்டம் இல்லை. நெடுஞ்சாலை அகலமானபோது பாதி போனது, மீதியில் ஒரு கம்பெனியின் தகரக் கூரை நீளமாக நிற்கிறது. டைகர் கிழடாகிச் செத்தது. அப்பாவும் சின்னப்பாவும் போனார்கள். அப்படி ஒரு சுவர் இருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகளுக்கே புரிவதில்லை.

சின்னம்மா எண்பதைத் தொட்ட வருஷம், ஓசூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இலையில் தண்ணீர் தெளித்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "உன் நாய வீம்புக்குத்தான் எடுத்தேன் பாப்பா. அப்புறம் அது மேல ஆசையாயிடுச்சு. வேற யாரும் இல்லாதப்ப எங்கூடதான் படுத்துக்கும். கொட்டாயக் கெடுத்ததுன்னு கோவத்துல அனுப்பிட்டேன். அதுதான நோண்டுச்சு? அத அனுப்புனது சரிதான?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நான்தான் என்றும் சொல்லியிருக்கலாம்.

"அது ஒரு பிடி மண்ணுகூட நோண்டல சின்னம்மா," என்றேன்.

அவள் கை இலையிலேயே நின்றுவிட்டது. பாயசம் வந்தது. எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.