பியூனி என்ற சொல்

எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கில் இக்காஸ்டுக்குப் பக்கத்து அகதி முகாமில் அவர் என் அறையில் இருந்தார். ஊரில் நீதிமன்றத் தட்டெழுத்தாளர். மெலிந்த உடம்பு, தடித்த கண்ணாடி. யார் கதைத்தாலும் அவருடைய விரல்கள் அதை மேசையில் தட்டெழுதிக்கொண்டிருக்கும். நான் மூன்று வருடம் வழக்காடிய சட்டத்தரணி. முகாமில் எல்லாரும் கடிதங்களை என்னிடம்தான் கொண்டுவருவார்கள்.

ஒருநாள் எங்கள் விண்ணப்பங்களைப் பார்க்க டேனிஷ் சட்டத்தரணிப் பெண் ஒருவர் வந்தார். ஒரு நீதியரசர் எனக்குத் தந்த நற்சான்றுக் கடிதத்தில், அவருடைய பதவிக்கு முன்னாலிருந்த 'puisne' என்ற ஆங்கிலச் சொல்லைக் காட்டி விளக்கம் கேட்டார்.

"புயிஸ்னே. ஒருவகை நீதிபதி" என்றேன்.

"பியூனி என்று சொல்லவேணும், சேர்" என்றார் பக்கத்தில் இருந்த தட்டெழுத்தாளர், மெதுவாக. பிறகு அந்தப் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். பழைய பிரெஞ்சில் அதற்குப் 'பின்னால் பிறந்தவர்' என்று பொருளாம். இங்கிலாந்து நீதிமன்றங்களில் அது பிரதம நீதியரசருக்குக் கீழே உள்ளவர்களைக் குறித்ததாம். அதே சொல்தான் 'puny' என்று எழுத்து மாறி, வெளியில் 'சோனி' என்ற பொருளில் வழங்குகிறதாம்.

அந்தப் பெண் கதிரையை அவர் பக்கம் திருப்பினார். எனக்கு நெஞ்சு எரிந்தது.

"எங்கை படிச்சனீங்கள், அண்ணை?" என்று கேட்டேன்.

"படிக்கேல்லை சேர். எழுத்துப் பிழைச்சால் ஏச்சு விழும். அதாலை அகராதி பார்ப்பன்."

மறுநாள் அந்தப் பெண் அவரை மொழிபெயர்ப்புக்கு அழைத்தார்.

"நீங்களும் வாங்கோ சேர். சட்டம் உங்களுக்குத்தானே தெரியும்" என்றார் அவர்.

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். போவதற்கு முன் அவர் தன்னுடைய போர்வையையும் எடுத்து என்மேல் போர்த்திவிட்டார்.