காப்பிக்கு வெல்லமா, சர்க்கரையா?

போன வாரம் ஏற்காட்டில் ஒரு ஜீப் பக்கத்தில் கை நடுங்க நின்றேன். எனக்கு நடுங்கினால் பரவாயில்லை... கூட நின்ற சர்ஜனுக்கும் நடுங்கியது!

அவருக்கு வயது எண்பத்து நாலு. பெயர் போடக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் மலையேறி வந்தவர். குடல்வால், சிசேரியன், காட்டுமாடு குத்திய வயிறு என்று இங்கேயே ஆயுசு முழுக்கக் கத்தி பிடித்தவர். கரண்ட் போனால் நர்ஸ் டார்ச் அடிக்க, இவர் தையல் போடுவாராம். விரல் நடுங்க ஆரம்பித்ததும் ரிட்டயர்மென்ட்.

அவரைப் பேட்டி காணத்தான் காலையிலேயே போயிருந்தேன். “உங்க டேபிள்ல எத்தனை பேர் செத்திருக்காங்க?” என்று கேட்டேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன?

“ஒருத்தன் மட்டும் தினமும் ஞாபகத்துக்கு வர்றான்” என்றார். அதற்குள் வாசலில் ஜீப் வந்து நின்றது.

உள்ளே செம்மநத்தம் சின்னராசு. மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் சாத்திய ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கி, வயிறு அடிபட விழுந்திருக்கிறார். சேலம் போகிற வழியில், பழைய பழக்கத்தில் டாக்டர் வீட்டில் நிறுத்திவிட்டார்கள். வெளியே ஒரு சொட்டு ரத்தமில்லை. ஆனால் முகம் வெளுத்துக் கிடந்தது.

டாக்டர் ஜீப்பில் ஏறி நாடி பார்த்தார், வயிற்றை அழுத்தினார். “இடது தோள்பட்டை வலிக்குதா?” என்றார். வயிற்றில் அடிபட்டவரிடம் தோள்பட்டையைக் கேட்கிறாரே? சின்னராசு தலையாட்டினார். டாக்டர் என் பக்கம் திரும்பி, “மண்ணீரல் கிழிஞ்சிருக்கும். உள்ளேயே ரத்தம் போகுது” என்றார்.

உடனே ஆபரேஷன் பண்ண வேண்டும். ஆஸ்பத்திரியோ சேலத்தில். நடுவில் இருபது கொண்டை ஊசி வளைவுகள்!

ஜீப்பில் கூட வந்திருந்த சின்னராசுவின் மனைவியிடம் டிரைவர், ஏதாவது சாப்பிடக் கொடுத்தீங்களா என்று அதட்டினார். “இல்லீங்க... வெறும் வயிறுங்க” என்றார் மல்லிகா. நல்லவேளை என்று நான்கூட நிம்மதியானேன்.

டாக்டர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. சாவகாசமாகக் கேட்டார்.

“காப்பிக்கு வெல்லம் போட்டியா கண்ணு, சர்க்கரையா?”

“வெல்லந்தானுங்க...” என்றவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். அப்புறம் அழுகை. “தெம்பா இருக்கட்டும்னு குடுத்தேனுங்க. எட்டரை மணிக்குக் களியும் ரெண்டு வாய் தின்னாருங்க. சொன்னா நொம்பத் திட்டுவாங்கன்னுதானுங்க...”

டாக்டர் திட்டவில்லை. என் பேனாவைப் பிடுங்கி, சின்னராசுவின் முன்னங்கையிலேயே எழுதினார் — காப்பி, களி, எட்டரை மணி. எழுத்தெல்லாம் கோணல்மாணல். “சீட்டு குடுத்தா வழியில தொலைச்சிடுவாங்க. கையைத் தொலைக்க முடியாதே” என்றார். சேலத்துக்கும் போன் பண்ணினார். ஜீப் பறந்தது.

அப்புறம் காத்திருந்தோம். போன் அடிக்கவில்லை. அவராகவே அந்த ஒருத்தனைப் பற்றிச் சொன்னார்.

கிளியூர்க்காரன். குடல்வால் கேஸ். பச்சைத் தண்ணிகூடக் குடுக்கலைன்னு அம்மா சத்தியம் பண்ணியிருக்கிறார். மயக்க மருந்து ஏறியதும் வாந்தி. குடித்த கஞ்சி நுரையீரலுக்குள் போய்விட்டது. டேபிளிலேயே உயிரும் போய்விட்டது.

“அந்தம்மாவை அதுக்கு முந்தின மாசம், வார்டே வேடிக்கை பார்க்கக் கத்தியிருக்கேன். பேத்திக்கு மருந்து மாத்திக் குடுத்துட்டேன்னு உண்மையை வந்து சொன்னதுக்கு” என்றார். “பொய் சொல்லக் கத்துக்குடுத்ததே நான்தான் சார்.”

அதிலிருந்து ‘சாப்பிட்டானா?’ என்று அவர் கேட்பதே இல்லையாம். மலையில் யார் விழுந்தாலும் முதலில் காப்பிதான் கொடுப்பார்கள். கொடுத்ததாகவே வைத்துக்கொண்டு, வெல்லமா சர்க்கரையா என்றுதான் கேட்பாராம்.

மதியம் ஒன்றரைக்கு போன் அடித்தது. மயக்கம் கொடுப்பதற்கு முன்பே ட்யூப் போட்டு, காப்பி, களி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டார்களாம். மண்ணீரலையும் எடுத்தாயிற்று. ஆள் பிழைத்துக்கொண்டார்.

போனை வைத்துவிட்டு டாக்டர் அழுதார். நானும்தான்... சொல்ல என்ன வெட்கம்?

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? உண்மையைச் சொன்னால் திட்டு, பொய் சொன்னால் நிம்மதி! ஊருக்குத் திரும்பியதும் மகளிடம் ‘படிச்சியா?’ என்று கேட்கவில்லை. “எந்தப் பாடத்துல தூக்கம் வந்துச்சு?” என்றேன்.

“முதல் பாடத்துலயே...” என்றாள். நான் திட்டவில்லை — சத்தியமாக!