மல்லாட்டைக் கொல்லையில் ஒரு பைக் ட்ராக்

மண்வெட்டி பிடித்துப் பழக்கமே இல்லாத நான், ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் காலை ஆறு மணிக்குச் சென்னையில் பஸ் ஏறினேன் என்றால், அதற்கு சுமதிதான் காரணம். என்னோடு ஆபீஸில் இருந்தவள், இப்போது திருவண்ணாமலையில் பைக் மெக்கானிக் கடை வைத்திருக்கிறாள். கீழ்பென்னாத்தூர் பக்கம் அப்பாவின் இரண்டு ஏக்கர் கொல்லையில், மண்ணில் பைக் ஓட்டவென்றே சொந்த ட்ராக் போட்டிருக்கிறாள். போன மழையில் அது கரைந்துபோயிற்று. "ரெண்டு நாள் வந்து மண்ணு தள்ளிட்டுப் போடி" என்றாள். மறுக்க முடியுமா?

செஞ்சி வழியாக நூற்று எழுபத்தைந்து கிலோமீட்டர், நாலரை மணி நேரம், டிக்கெட் நூற்றெண்பது ரூபாய். கீழ்பென்னாத்தூரில் இறங்கியதும் ஆட்டோ. இடத்தைச் சொல்லத் தொடங்கினேன்.

"ஒரு பொண்ணு பைக்ல பறக்குதே, அந்தக் கொல்லையா? ஏறுங்க" என்றார் டிரைவர். நான்கு கிலோமீட்டருக்கு நூற்றிருபது ரூபாய். பேரம் பேச மனம் வரவில்லை.

சுமதியின் அப்பா ஏழுமலை டிராக்டரோடு நின்றிருந்தார். "சாப்டீங்களாமா?" என்று கேட்டார். அடுத்த பேச்சிலேயே குண்டைப் போட்டார். "ஞாயித்துக்கிழம சாயங்காலத்துக்குள்ள வண்டி ஓடலன்னா, திங்கக்கிழம ஏர் ஓட்டிடுவேன். மல்லாட்ட போட்டாவது நாலு காசு பாக்கலாம்." வேர்க்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்றுதான் பெயர். மோட்டார் ரூமில் உரித்த விதை ஒரு மூட்டை தயாராகச் சாய்ந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆனாலும் மனுஷர் வேலையில் வஞ்சனை செய்யவில்லை. வெள்ளி, சனி இரண்டு நாளும் டிராக்டரில் அவர் மண்ணைத் தள்ள, நாங்கள் தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்கினோம். பைக் தாவுவதற்கான மேடு நாலடி உயரம். அது இறங்க வேண்டிய சரிவு பதினைந்து அடி தள்ளி. வளைவுகளில் சக்கரம் சாய்ந்து திரும்ப வெளி ஓரமாக மண்ணை அணைக்க வேண்டும். மூன்றாவது வளைவை அவரே தனியாகக் கட்டினார், அப்படி ஓர் அழகு! என் உள்ளங்கையில் ஐந்து கொப்புளங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் மழை. காலையில் போய்ப் பார்த்தால் மேடு அசையவில்லை, மூன்றாவது வளைவு மட்டும் குளமாகக் கிடக்கிறது. சுற்றிலும் ஒரு பொட்டு வழி விடாமல் கரை.

"தண்ணி போக வழி வேணாமா?" என்று கத்தியே விட்டேன்.

ஏழுமலை தலையைச் சொறிந்தார். "நாப்பது வருசமா தண்ணி நிக்கத்தாம்மா வரப்பு கட்டறேன். கை அதுவா அடைச்சிடுச்சு."

சுமதி அழவில்லை. "வுடுங்கப்பா. நாளைக்கு ஏர் ஓட்டிக்குங்க" என்றாள்.

அவர் சும்மா இருந்திருந்தால் கொல்லை அவருக்கே திரும்பியிருக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் இறங்கி, கரையை வெட்டி மடை திறந்தார். "வெயில் ஜாஸ்தியாதான் இருக்குது. காஞ்சிடும், பாரு" என்றார். உலர்ந்த மண்ணையும் கூடை கூடையாக அவரே கொண்டுவந்து கொட்டினார். நான்கரை மணிக்கு சுமதி வண்டியை எடுத்தாள். மேட்டில் தாவி, மூன்றாவது வளைவில் சாய்ந்து, விழாமல் மூன்று சுற்று. ஒவ்வொரு தாவலுக்கும் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

போக நினைப்பவர்களுக்கு: பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. முழங்கால் வரை ஷூ கட்டாயம். தண்ணீர் நாலு லிட்டராவது கொண்டுபோங்கள். கட்டும்போதே மடை விடுங்கள்.

கிளம்பும்போது ஏழுமலை ஒரு பொட்டலம் கொடுத்தார். சூடான வறுத்த மல்லாட்டை. செஞ்சி தாண்டுவதற்குள் பாதியைத் தீர்த்துவிட்டு, ருசியைச் சொல்ல சுமதிக்குப் போன் செய்தேன்.

"அது விதைக்கு வச்சதுடி" என்றாள். "மூட்டயப் பிரிச்சு, தெருவுக்கே வறுத்துக் குடுத்துட்டிருக்காரு."

மிச்சத்தைச் சென்னை வரைக்கும் ஒவ்வொன்றாகத் தின்றேன்.