வலது விரலில் வைத்த மை

நைனாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றால் பயம், போக மாட்டார். ஏரி வேலைக்கு அது தடையாகவும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து நகர்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர். ஓட்டுப் போடத்தான் நான் தேவைப்பட்டேன்.

பாராளுமன்றத் தேர்தல் அன்று என் ஓட்டைப் போட்டுவிட்டு, அவரோடு மறுபடி வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அக்கா திரும்பிப் பார்த்தார்.

"இன்னா மாமா, புள்ளைய காவலுக்கு இட்டாந்தியா?"

"புள்ள இல்லம்மா, கண்ணு" என்றார் நைனா. வரிசையே சிரித்தது.

பார்வையில்லாதவருக்குத் துணையாகப் போகிறவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும்: அவர் சொன்னபடியே போடுவேன், வெளியே சொல்ல மாட்டேன் என்று. எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். பெருமையாகத்தான் போட்டேன். என் ஓட்டுக்கு இடது விரலில் ஏற்கெனவே மை இருந்தது; துணைக்கு வந்ததற்காக வலது ஆள்காட்டி விரலிலும் வைத்தார்கள்.

நைனா காதோடு சொன்னார்: "ஜன்னல் சின்னம்டா. முகத்துவாரம் தூர்ந்து ஏரிக்குக் கடல்தண்ணி வராம போனப்ப அவன் ஒருத்தன்தான் நம்மகூட வந்து நின்னான்."

அந்த ஆள் சுயேச்சை. டெபாசிட்கூடத் தேறாது. நானோ பட்டம் வாங்கி ஒரு வருஷமாக வீட்டில் இருந்தேன். இன்னொரு வேட்பாளர், துறைமுகத்தில் எங்கள் பக்கத்துப் பையன்களுக்கு வேலை வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். வீணாகப் போகிற ஓட்டுதானே என்று அவருக்கு அழுத்தினேன். பக்கத்து மெஷினின் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டில் அவருடைய சின்னம் கொஞ்ச நேரம் நின்று விழுந்தது. நைனாவின் கை என் தோளிலேயே இருந்தது.

"சத்தம் கேட்டுச்சே. போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் நைனா."

நான் போட்டவர் ஜெயித்தார். வேலை வரவில்லை.

ரிசல்ட் வந்து சில நாள் கழித்து, "நம்ம பூத்துல ஜன்னலுக்கு எத்தினி விழுந்துச்சினு பாரு" என்றார். போனில் தேடிப் பார்த்தேன். ஏழு.

"ஏழா? பரவால்லியே!"

அந்த மாதம் முழுக்க, இறால் எடுக்கிற வியாபாரியிடம், டீக்கடையில், எங்கே போனாலும் இதே பேச்சு. "ஜெயிக்கல, சரி. ஆனா அந்த ஏழு பேர்ல நான் ஒருத்தன்." சொல்லிவிட்டு என் பக்கம் முகத்தைத் திருப்புவார், சாட்சிக்கு. நான் "ஆமா" என்பேன். எத்தனை முறை என்றேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

கடைசியில் ஒருநாள் கரையில் அவர் இறால் கழுவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "அந்த ஏழுல நீ இல்ல நைனா."

கழுவுவதை அவர் நிறுத்தவில்லை. "யாருக்குப் போட்ட?"

சொன்னேன்.

"வேலைக்கா?"

"ஆமா."

"கேட்டிருந்தா நானே அவனுக்குப் போடுனு சொல்லியிருப்பேனேடா."

திட்டியிருக்கலாம். இரண்டு நாள் பேசாமல் இருந்திருக்கலாம். எதுவும் செய்யவில்லை. டீக்கடையில் அந்த ஏழு பேரைப் பற்றிப் பேசுவதை மட்டும் விட்டுவிட்டார்.

இந்தச் சட்டமன்றத் தேர்தலுக்கு அவர் பக்கத்து வீட்டு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டார். பள்ளிக்கூடத்து கேட் வரைக்கும் நான்தான் கைபிடித்துக் கூட்டிப் போனேன். அங்கே என் கையை விட்டுவிட்டு அக்காவின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"நீ இங்கியே இரு" என்றார்.

இருந்தேன்.