மீன் மசித்து ஊட்டியவர்

ராயபுரத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் ஹார்பர் கூலி ஒருவர் தனியாக இருந்தார். மூட்டை சுமந்து தோள் காய்த்துப்போன, நெடுநெடுவென்ற மனிதர். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த அவருடைய பூனைக்கு வயதாகிக் கண்ணும் போயிற்று, பல்லும் போயிற்று. வேலைவிட்டு வந்ததும் மீனை அவித்து, முள்ளெடுத்து, விரலால் மசித்து ஊட்டுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைக் கூப்பிட்டார். பூனை அவர் மடியில் கிடந்தது.

"தூங்குதா பாரு நைனா. கூப்ட்டா காத ஆட்டும், இன்னிக்கு ஆட்டல."

தொட்டுப் பார்த்தேன். விறைத்துச் சில்லிட்டிருந்தது.

"போயிடுச்சுண்ணே."

"தெரியும்பா. என் வாயால சொல்ல முடில. அதான் உன்னியக் கூப்ட்டேன்."

பிறகு அதன் கண்ணோரத்துப் பீளையை வேட்டி நுனியால் துடைத்தார், வலித்துவிடப் போகிறதே என்று பயந்தவர்போல, அத்தனை மெதுவாக.