பெயர் வெட்டிய சம்படம்

பெங்களூரில் பரிசு கொடுத்தால், கொடுத்தது யார் என்று சொல்லக்கூடாது. ஆரணியிலிருந்து வந்த எனக்கு இது விளங்கவே இல்லை. எங்கள் அலுவலகத்தில் டிசம்பர் பிறந்ததும் ஒரு சிவப்புத் தொப்பிக்குள் எல்லோர் பெயரையும் சீட்டில் எழுதிப் போட்டுக் குலுக்குவார்கள். யார் பெயர் வருகிறதோ அவருக்கு நூறு ரூபாய்க்குள் ஒரு பரிசு வாங்கி, ரகசியமாகக் கிறிஸ்மஸ் மரத்தடியில் வைத்துவிட வேண்டும். சீக்ரெட் சாண்டா என்று பெயர். வேலைக்குச் சேர்ந்து மூன்றே மாதம் ஆகியிருந்த நான் தொப்பிக்குள் கைவிட்டேன். வந்தது மேனேஜரின் பெயர்.

என் ப்ரொபேஷன் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். நூறு ரூபாய்க்கு அவருக்கு நான் எதை வாங்குவது? அல்சூரில் நான் இருந்த ஓட்டு அறைக்கு வாடகை கொடுத்தபின் மிஞ்சுவதில்தான் ஊருக்கும் அனுப்ப வேண்டும். பக்கத்து நாற்காலி கிரீஷ் என் சீட்டை எட்டிப் பார்த்துவிட்டான். அவன் மல்லேஸ்வரத்துக்காரன், மூன்று வருட சீனியர்.

"மச்சா, பாஸ் சீட்டா? நீ புதுசு, உனக்கு எதுக்கு டென்ஷன்? எனக்குக் குடு. இந்த பேன்ட்ரி அக்காவ நீ எடுத்துக்கோ. நிம்ம ஜனதானே" என்றான்.

கன்னடத்தில் உங்கள் ஆள்தானே என்று அர்த்தம். ஒரு மனுஷியின் பெயர் எழுதிய காகிதத்தை, எச்சில் பட்டதைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்து நீட்டினான். எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வாங்கிக்கொண்டேன். செலவு குறைந்ததே என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அதை நினைத்தால் இன்றும் என்மேல் எனக்குக் கூசுகிறது.

ஸ்டெல்லா அக்கா எங்களுக்கு டீ போட்டுக் கொடுப்பவர். பெங்களூர் மர்பி டவுனிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அத்தனை பேர் இருந்த அந்த அலுவலகத்தில் கிறிஸ்மஸ் உண்மையில் பண்டிகையாக இருந்தது அவர் ஒருவருக்குத்தான். தொப்பிக்குள் அவர் பெயரையும் போட்டது அந்த வருடம்தான் முதல் முறை. விழா வரைக்கும் பத்து நாளும் அக்காவுக்கு அதே பேச்சு.

"தம்பி, என் சீட்டு யார்கிட்ட போயிருக்கும்? மேனேஜர் சாரா இருக்குமா? ஐயோ, தெரிஞ்சாலும் சொல்லாதீங்க. தெரிஞ்சா மஜா போயிடும்" என்று டீயை வைக்கும்போதெல்லாம் கிசுகிசுப்பார்.

கிறிஸ்மஸ் இனிப்பான கல்கல் சுட்டு வைக்கும் தகர டப்பா துருப்பிடித்துவிட்டது என்று ஒருநாள் சொல்லியிருந்தார். அதை நினைவில் வைத்துக்கொண்டு அல்சூர் பஜாரில் நல்ல கனமாக ஒரு எவர்சில்வர் சம்படம் வாங்கினேன். தொண்ணூற்றைந்து ரூபாய். பெயர் வெட்ட வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார். கேட்க வேண்டுமா என்ன? எங்கள் ஊரில் கல்யாணத்துக்கோ கிரகப்பிரவேசத்துக்கோ பாத்திரம் கொடுத்தால், கொடுப்பவர் பெயரை வெட்டித்தான் கொடுப்போம். பெயர் இல்லாத பாத்திரம் கடைசி நிமிஷத்தில் பரணிலிருந்து எடுத்து வந்ததாகத்தான் இருக்கும் என்று அம்மா சொல்வாள். எங்கள் வீட்டு அலமாரியைப் பார்த்தே யார் யார் எங்களுக்கு வேண்டியவர்கள் என்று சொல்லிவிடலாம். கடைக்காரரின் மெஷின் டர்ரென்று சத்தமிட, 'அன்பளிப்பு: சு. குமரவேல், ஆரணி' என்று எழுத்துகள் விழுந்தன. விளையாட்டின் விதி எனக்குத் தெரியாமல் இல்லை. கை பழகிய வழியில் போய்விட்டது. அழகாக விழுந்திருக்கிறதே என்று தடவிப் பார்த்துக்கொண்டு வேறு வந்தேன்.

விழா நாளில் மேனேஜர் முதலில் பிரித்தார். வெளிநாட்டுப் பேனா. விலைச்சீட்டைக் கிழிக்காமல் விட்டிருந்தார்கள், நூறு ரூபாய்க்கு எத்தனையோ மடங்கு மேலே. மேனேஜர் கிரீஷைப் பார்த்துச் சிரித்தார், கிரீஷ் கூரையைப் பார்த்தான். இதுதான் இவர்களின் ரகசியம். சீச்சீ என்றிருந்தது.

அடுத்து ஸ்டெல்லா அக்கா. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, காகிதம் கிழியாமல் பிரித்தார். பக்கத்தில் இருந்த பெண் எழுத்துக்கூட்டிப் படித்தாள், "அன்பளிப்பு, சு. குமரவேல், ஆரணி." ஹாலே இடிந்து விழும்படி சிரிப்பு. "அட்ரஸோடயா!" என்று யாரோ கத்தினார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"டப்பா ரொம்ப நல்லாருக்கு தம்பி" என்றார் என்னிடம். பிறகு தாழ்ந்த குரலில், "எல்லாரும் சாயந்திரம் வரைக்கும் யாரு யாருன்னு கேட்டுட்டுத் திரிவாங்க. நானும் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

அதற்குமேல் ஒன்று நடந்தது. கிரீஷ் தன் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே கல்கல். ஒவ்வொன்றும் சிப்பி போலச் சுருண்டு, சர்க்கரை பூத்து. பெயர் எங்கும் இல்லை.

"யாருப்பா இந்த பிச்சைக்கார சாண்டா? நூறு ரூபா கூடவா இல்ல?" என்று தூக்கிக் காட்டினான். முகர்ந்து பார்த்து, "எண்ணெ வாசனை" என்று மூக்கைச் சுளித்தான். மறுபடி சிரிப்பு. அக்கா டீத்தட்டோடு சுவரோரம் நின்றிருந்தார், முகத்தில் ஒன்றும் காட்டாமல். அந்த ஹாலில் விதியை ஒழுங்காகக் காப்பாற்றிய ஒரே ஆள் அவர்தான். கல்கல் சுட்டது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் ரகசியம் கெடுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கிரீஷையும் மேனேஜரையும் பகைத்துக்கொள்ளப் பயம். சொல்லாமல் விட்டதோடு போகவில்லை, எல்லோரோடும் சேர்ந்து நானும் பல்லைக் காட்டினேன். அந்தச் சிரிப்பை அக்கா பார்த்தார்.

"நீ ஊருக்குப் போறியே, எடுத்துட்டுப் போ" என்று கிரீஷ் பொட்டலத்தை என் மேஜைமேல் தள்ளினான்.

மறுநாள் ஆரணியில் அம்மா அதிலிருந்து ஒன்றை வாயில் போட்டாள். கண்ணை மூடி மென்றாள். "கைப்பக்குவம்டா. யாரோ உன்மேல உசுரா இருக்கறவங்க சுட்டுக் குடுத்திருக்காங்க" என்றாள். காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "பேரே போடலியே, யாருடா குடுத்தது?"

எனக்குக் கொடுத்ததில்லை அம்மா என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். என் பெயர் மர்பி டவுனில் ஒரு வீட்டு அலமாரியில் ஊரோடு சேர்த்து வெட்டப்பட்டு நிற்கிறது. இங்கே என் வீட்டில், அம்மாவுக்கு எதிரில், அந்த வீட்டு அக்காவின் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.